தூக்கிய கை

காலையில் முதலில் எழுவது நான். விறகடுப்பில் கட்டை வைப்பேன். காப்பிக்குத் தண்ணீர் வைப்பேன். மகன் ஐலிவுக்கு ஒரு கரண்டி மீன் எண்ணெய், அந்த வாடை போக ஒரு மிடறு பால். ரொட்டியை வெட்டி, பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவி வைத்து, துண்டுகள் ஒட்டிக்கொள்ளாமல் இடையில் மெழுகுத்தாள் வைத்து, மதியத்துக்குக் கட்டுவேன். பிறகு வெளியே போய்க் கார்க் கண்ணாடியில் உறைந்திருப்பதைச் சுரண்டுவேன். திரும்பி வரும்போது அவன் கம்பளி உள்ளாடை போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். என் மனைவி தோருன் இறந்த பிறகு இது எதுவும் மாறவில்லை. அவள் இருந்தபோதும் காலை வேலை என்னுடையதுதான்.

டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. ஐலிவ் வெண்ணெய்க் கத்தியைத் தரையில் போட்டான். குனிந்து எடுக்கவில்லை. வலது கையைக் காதுக்கு மேலே தூக்கினான். கண் நேராகச் சுவரைப் பார்த்தது. எட்டு வயதுப் பையன் என் சமையலறையில் கை தூக்கிக்கொண்டு காத்திருந்தான்.

"கையை இறக்குடா," என்றேன்.

"தலையாட்டுப்பா."

"என்னது?"

"நீ தலையாட்டினாத்தான் இறக்கலாம்."

தலையாட்டினேன். இறக்கினான். அப்போது சட்டைக்கை விலகியது. மணிக்கட்டைச் சுற்றிப் பச்சையும் மஞ்சளுமாக ஒரு கன்றல், விரல் அகலத்தில்.

"இது என்ன?"

"விழுந்தேன்."

"எங்க?"

"ஐஸ்ல," என்றான். கத்தியை எடுத்துச் சட்டையில் துடைத்தான்.

எங்கள் ஊர்ச் சிறுவர் பாடகர் குழுவில் இருந்த யாருக்கும் அந்தக் கை தெரியும். பாடும்போது தவறினால் பாட்டை நிறுத்தாமல் கையைத் தூக்க வேண்டும். தவறியது நான், எனக்கே தெரியும், எனக்காக நிறுத்த வேண்டாம் என்று பொருள். நடத்துகிறவர் பார்த்துத் தலையாட்டுவார், கையை இறக்கலாம். வேறு பல குழுக்களிலும் இருக்கிற நல்ல வழக்கம்தான். எங்கள் குழுவில் அதற்கு இன்னொரு பாதி இருந்தது. தவறிவிட்டுக் கை தூக்காதவன் அடி வாங்குவான். தவறாமலே கை தூக்குகிறவன் அதைவிட அதிகமாக வாங்குவான். அதற்குப் பொய்க் கை என்று பெயர். நண்பனைக் காப்பாற்றச் செய்வார்கள். சிலர் பயத்தில் செய்வார்கள். தவறினோமா இல்லையா என்றே தெரியாமல் கை தானாக எழும்பும்.

குழுவை நடத்துகிறவர் குட்முண்ட் ஹெல்லே. தோருனின் அப்பா. ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. இங்கே அமைச்சரைக்கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். அவர் மட்டும் கான்டோர். தேவாலய இசைக்குப் பொறுப்பானவர் என்று அர்த்தம். அந்தப் பதவியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் குழுவும் பட்டமும் அவரிடமே இருந்தன. அவர் மகளைக் கட்டிய பிறகும் நான் அப்படித்தான் கூப்பிட்டேன்.

வெளித் தீவு ஒன்றில் பிறந்தவர். அவருடைய அப்பா ஹெர்ரிங் மீன் பிடிப்பவர், ஞாயிற்றுக்கிழமை ஜெப வீட்டில் ஆர்மோனியம் வாசிப்பவர். மகனுக்கும் அவரே கற்றுக்கொடுத்தார். கான்டோர் தன் அறுபதாவது பிறந்தநாள் விருந்தில் எழுந்து நின்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "ஒவ்வொரு தப்பு சுரத்துக்கும் எங்கப்பா கயித்து முனையால முதுகுல ஒண்ணு வைப்பாரு. ஈரக் கயிறு. அதனாலதான் இன்னிக்கும் எனக்கு சுரம் தப்பாது. உங்க பிள்ளைங்க குடுத்து வச்சவங்க, என்கிட்ட கயிறு இல்ல." கூடமே சிரித்தது. தோருன் எழுந்து கழிப்பறைக்குப் போனாள்.

ஓஸ்லோவில் ஆர்கன் படித்தார். லைப்ஸிக்கில் இரண்டு வருடம் இருந்தார். இருபத்தெட்டு வயதில் எங்கள் ஊருக்கு வந்தபோது தேவாலயத்தில் பாடக்கூடிய பையன்கள் ஒரு படகில் அடங்குவார்கள். மீன் தொழிற்சாலை வாசலில் நின்று, வேலை முடிந்து வருகிறவர்களிடம் பிள்ளைகளைக் கேட்டார். பத்து வருடத்தில் கிறிஸ்துமஸ் மாலையில் நாடு முழுவதும் வானொலியில் எங்கள் குழுவைக் கேட்டது. பிறகு ஜெர்மனி, இங்கிலாந்து, ஜப்பான். மன்னரின் பதக்கம். பனிச்சறுக்கு வீரனுக்குக் கிடைக்கும் மரியாதை எங்களுக்குக் கிடைத்தது. பேக்கரியில் இனிப்பு ரொட்டிக்குக் காசு வாங்க மாட்டார்கள். நாங்கள் நன்றாகப் பாடினோம் என்பதும் உண்மை.

பிள்ளைகளை அடிப்பது எங்கள் நாட்டில் குற்றம். வீட்டிலும் அடிக்கக் கூடாது. நான் பால் பல் விழாத காலத்திலேயே அந்தச் சட்டம் வந்துவிட்டது. கான்டோர் சட்டத்தை மதித்தார். ஒத்திகைக்குப் பெற்றோரை உள்ளே விடமாட்டார், அவ்வளவுதான். "அம்மா உக்காந்திருந்தா பையன் அம்மாவுக்குப் பாடுவான். எனக்குப் பாட மாட்டான்," என்பார். பெற்றோர் அதைப் பெரிய கலை ரகசியம் போல ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள்.

கதவு சாத்தியதும் ஆரம்பிக்கும். மூச்சு சரியாக வயிற்றிலிருந்து வரவில்லை என்றால் வயிற்றுச் சதையைக் கிள்ளித் திருகுவார். "உங்கப்பன் டிராக்டர் ஓட்டுறானாடா? அதான் குரல்ல டீசல் நாறுது." "கடல் காக்கா செத்தாக்கூட இதைவிட நல்லா சாகும்." நாங்கள் சிரிப்போம். சிரிக்காவிட்டால் அடுத்தது நாம். சுருதி பார்க்கும் இரும்புக் கவட்டையைத் தன் முழங்காலில் தட்டுவார், எங்கள் முழங்கையில் தட்டுவார், ஒருமுறை என் வாயில் தட்டினார். என் முன்பல் ஒன்று பீங்கான்.

ரூனார் என் வயது. எங்களில் நல்ல குரல் அவனுடையது. பதின்மூன்று வயதில், கிறிஸ்துமஸ் கச்சேரியில், தனியாகப் பாடும் இடத்தில் அவன் குரல் உடைந்தது. பையன்களுக்கு உடைவதுதான். அன்று அதற்கு நேரம் வந்தது. கான்டோர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார், குனிந்து வணங்கினார், கைதட்டலை வாங்கினார். பிறகு அங்கி மாற்றும் அறையில் ரூனாரைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி மேலங்கி மாட்டும் கொக்கி வரிசையில் எறிந்தார். இடது காறை எலும்பு உடைந்த சத்தம் ஈரக் குச்சி முறிவது போல இருந்தது. "எப்ப உடையும்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சே மறைச்சே," என்றார். எங்களைப் பார்த்துத் திரும்பினார். "வாசல்ல ஐஸ் இருக்கு. பாத்துப் போங்க."

ரூனார் ஐஸில் விழுந்தான் என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். எங்கள் ஊரில் நவம்பர் முதல் ஏப்ரல்வரை எல்லோரும் ஐஸில் விழுகிறார்கள். மருத்துவரும் ஒன்றும் கேட்பதில்லை.

குரல் உடைந்தவன் வெளியே போக வேண்டியதில்லை. ஒரு வருடம் வாய் மூடி இருந்துவிட்டு, ஆண் குரலோடு திரும்பி வந்து பின்வரிசையில் நிற்கலாம். பெரும்பாலும் வருவார்கள். ரூனார் வந்தான். இன்று அவன் பின்வரிசையின் தலைவன், பகலில் பனி வாரும் வண்டி ஓட்டுகிறான். சிறுவர்களுக்குப் பின்னால் நிற்கும் அந்த நாற்பது, ஐம்பது வயது ஆண்கள் எல்லோரும் முன்வரிசையில் அடி வாங்கியவர்கள். நான் மட்டும் படிக்க த்ரொன்ஹைமுக்குப் போனேன். அங்கே ஒரு பேருந்து நிறுத்தத்தில் தோருனைச் சந்தித்தேன். அவளும் அதே ஊரிலிருந்து ஓடி வந்திருந்தாள்.

பெண் என்பதால் அவளுக்குக் குழுவில் இடம் கிடையாது. பியானோவில் அப்பாவுக்குத் தாள் திருப்புவது அவள் வேலை. எங்கள் எல்லோரையும்விட அவள் காது கூர்மை. ஒரு நொடி தாமதித்துத் திருப்பினால் அவள் கையைக் கட்டைகள் மேல் வைத்துப் பியானோ மூடியை இறக்குவார். அவளுடைய இடது கைச் சுண்டு விரல் வளைந்திருந்தது. என் தாடையை அந்த விரலால் தொடுவாள்.

பிறகு வேலைக்காகத் திரும்பி வந்தோம். நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் எனக்கு வேலை. தோருன் அப்பா வீட்டுக்கு ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும் போவாள். ஐலிவை அங்கே தனியாக விட்டதில்லை. பிறகு அவளுக்குக் கணையத்தில் நோய் வந்தது. கோடை முடிவதற்குள் எல்லாம் முடிந்தது.

கடைசி நாளில் நான் ஐலிவைப் பள்ளியிலிருந்து அழைத்துவரப் போன நேரத்தில் கான்டோர் மருத்துவமனைக்கு வந்தார். அவளோடு தனியாக இருந்தார்.

அடக்கம் முடிந்து, சபைக் கூடத்தில் காப்பியும் இறால் ரொட்டியும் கொடுத்தபோது, அவர் கரண்டியால் கோப்பையைத் தட்டினார். "என் பொண்ணு கடைசியா என்கிட்ட ஒண்ணு சொன்னா. 'அப்பா, ஐலிவ் உங்ககிட்ட பாடட்டும்.' அதுதான் அவளோட கடைசி வார்த்தை." பின்வரிசை ஆண்கள் அழுதார்கள். நான் இறால் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். யாரோ என் தோளைத் தட்டினார்கள்.

மறுவாரம் அவர் என் வீட்டு வாசலில் நின்றார். ஒரு பாத்திரம் நிறைய மீன் உருண்டை கொண்டுவந்திருந்தார். "அவ சொன்னதை நீயும் கேட்ட இல்ல?" என்றார். ரூனாரிடம் கேட்டேன். "அட போடா வெட்லே, அவருக்கு எழுபத்தஞ்சு. சிங்கத்துக்குப் பல்லு எல்லாம் விழுந்தாச்சு. இப்ப சும்மா உறுமுறதோட சரி," என்று சிரித்தான். எனக்கு அப்போது ஒரு கதவைத் திறப்பதும் சாத்துவதும் ஒன்றாகவே இருந்தது. ஐலிவ் செப்டம்பரில் சேர்ந்தான்.

அந்த வெள்ளிக்கிழமை வேலையிலிருந்து சீக்கிரம் கிளம்பினேன். மூன்றரைக்கே இருட்டிவிட்டது. தேவாலயத்தின் பெரிய கதவு பூட்டியிருந்தது. நகராட்சிக்காரன் என்பதால் நிலவறைத் தண்ணீர் மீட்டருக்கு வழி எனக்குத் தெரியும். அதன் வழியே ஏறி, தூணுக்குப் பின்னால் நின்றேன்.

பியானோ பலிபீடத்துக்கு முன்னால் இருந்தது. கான்டோர் இடது கையால் வாசித்து வலது கையால் நடத்தினார். முன்னால் சிறுவர்கள், பின்னால் ஆண்கள். நன்றாகப் பாடினார்கள். பிறகு ஓர் இடத்தில் ஒரு குரல் தாழ்ந்தது. எனக்கே கேட்டது. ஐலிவுக்குப் பக்கத்தில் நின்ற சிவர்ட் என்ற குட்டிப் பையன். அவன் கை எழும்பவில்லை. முகம் வெளுத்திருந்தது. ஐலிவின் கை எழும்பியது.

கான்டோர் நிறுத்தினார். தலையாட்டவில்லை. எழுந்து வந்தார்.

"நீயா?"

"ஆமா, கான்டோர்."

"நீ இல்ல. உன் குரல் உங்கம்மா குரல், ஆயிரம் பேர்ல எனக்குத் தெரியும். நீயா?"

"எனக்குத் தெரியல, கான்டோர்," என்றான் ஐலிவ். அது உண்மை என்று நினைக்கிறேன்.

"பொய்க் கை," என்றார் கான்டோர், சத்தம் போடாமல். "தூக்கணும்னு அவ்வளவு ஆசையா? நான் தூக்கி விடுறேன்."

தூக்கியிருந்த மணிக்கட்டைப் பிடித்து மேலே இழுத்தார். ஐலிவின் குதிகால் தரையை விட்டது. பிறகு விரல் நுனி விட்டது. தாத்தா பேரனை ஒரு கையால் தூக்கிப் பிடித்து உலுக்கினார், மீனைத் தூண்டிலிலிருந்து உதறுவது போல. தோளில் ஒரு சத்தம். அதன் பிறகு ஐலிவ் கத்தினான். அது கல் கட்டடம், எதையும் தாங்கிப் பிடித்துத் திருப்பித் தரும். ஆண்கள் வரிசை கையிலிருந்த இசைத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"குட்முண்ட்!"

என் குரல்தான். அந்தப் பெயரை நான் சொல்வது முதல் முறை. அவர் அதற்குத்தான் திரும்பினார், என்னைப் பார்க்க அல்ல. ஐலிவ் கீழே விழுந்தான். நான் ஓடி வந்த வேகத்தில் அவரைப் பியானோவோடு சேர்த்து மோதினேன். அவருடைய வலது கையைப் பிடித்துக் கட்டைகள் மேல் வைத்தேன். ஏகப்பட்ட சுரம் ஒன்றாகக் கேட்டது. மூடியைப் போட்டேன். கை உள்ளேயே இருந்தது. மூடியைத் தூக்கி மறுபடியும் போட்டேன். மூன்றாவது தடவை என் முழு எடையையும் போட்டேன். விரல்கள் நண்டு ஓடு மாதிரி நொறுங்கின. எனக்குக் கோபம் எதுவும் இல்லை. செய்து முடிக்க வேண்டிய வேலை போல இருந்தது.

"கை! அவரு கை!" என்று யாரோ அலறினார்கள்.

பின்வரிசை அப்போதுதான் நகர்ந்தது. பத்துப் பதினைந்து பேர் என் மேல் விழுந்தார்கள். ஒருவன் என் தலைமுடியைப் பிடித்துத் தரையில் மோதினான். ஒருவன் என் கழுத்தில் முழங்காலை வைத்தான். பனிக்காலப் பூட்ஸ், இரும்பு முள் வைத்தது. விலாவில் மிதித்தவன் ரூனார். "அது யார் கைன்னு தெரியுமாடா, நாயே? அது யார் கைன்னு தெரியுமா?" ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு மிதி. உள்ளே எதுவோ உடைந்தது. வாயில் ரத்தம். அழுதுகொண்டே மிதித்தான்.

பிறகு நிறுத்தினான். ஒருவர் ஒருவராக எல்லோரும் நிறுத்தினார்கள். தரையில் கிடந்தபடி நானும் அவர்கள் பார்த்த பக்கம் பார்த்தேன்.

சிறுவர்கள் வரிசை கலையாமல் நின்றிருந்தார்கள். எல்லோருடைய வலது கையும் தூக்கியிருந்தது. சிவர்ட் முதல் கடைசிப் பையன்வரை. சிலருடைய கால்சட்டை நனைந்திருந்தது. ஐலிவ் தரையில் உட்கார்ந்து, வலது கை தொங்கிக் கிடக்க, இடது கையைத் தூக்கியிருந்தான்.

"இறக்குங்கடா," என்றான் ரூனார். "இறக்குங்கடா, போதும்."

யாரும் இறக்கவில்லை.

கான்டோர் பியானோ இருக்கையில் உட்கார்ந்திருந்தார். நொறுங்கிய கையை மடியில் வைத்திருந்தார். ரத்தம் வெள்ளைச் சட்டையில் பரவியிருந்தது. மெதுவாகத் தலை நிமிர்ந்து அவர்களைப் பார்த்தார். தலையாட்டினார்.

எல்லாக் கைகளும் ஒன்றாக இறங்கின.

அவசர சிகிச்சை நிலையத்துக்கு எங்கள் மூன்று பேரையும் ரூனார்தான் ஓட்டிப் போனான். வழியில் கான்டோர் முன் இருக்கையிலிருந்து திரும்பாமல் பேசினார். வலியில் பல்லைக் கடித்திருந்தார், ஆனால் குரல் சுத்தமாக இருந்தது. "ஐஸ்னு சொல்லிடு, வெட்லே. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது. கிழவன் கையை உடைச்சவனை உள்ள வைப்பாங்க. நீ உள்ள போனா பையன் யார்கிட்ட இருப்பான்? சொந்தம்னு நான்தான். யோசிச்சுக்கோ." ஐலிவ் என் மடியில் படுத்திருந்தான். கேட்டுக்கொண்டிருந்தான்.

மருத்துவர் இளம்பெண், வடக்கிலிருந்து புதிதாக வந்தவள்.

"ஐஸ்ல விழுந்தோம்," என்றார் கான்டோர்.

"மூணு பேருமா?"

"தேவாலய வாசல்ல. உப்பு போடல."

"உங்க கை மட்டும் எப்படி இப்படி மாவாச்சு? ஐஸ் ஏறி மிதிச்சுதா?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"ஐஸ் இல்ல," என்றேன். "அவர் கையை நான் உடைச்சேன். பையன் தோளை அவர் கழட்டினார். மணிக்கட்டைப் பாருங்க, அது பழசு."

போலீஸ்காரி வந்தாள். அவளோடு குழந்தை நலத்துறையிலிருந்து ஒரு பெண், கோட்டுக்குக் கீழே வீட்டுச் சட்டையோடு. ரூனாரிடம் முதலில் கேட்டார்கள். அவன் தொப்பியைக் கசக்கிக்கொண்டு, "நான் தாளைப் பாத்துட்டிருந்தேன்," என்றான். இடது தோளை ஒருமுறை உயர்த்தி இறக்கினான்.

நலத்துறைப் பெண் என் அருகில் உட்கார்ந்தாள். "உங்க பேர்ல அடிதடி வழக்கு வரும். அது முடியறவரைக்கும் பையன் எங்க இருப்பான்னு நான் எழுதணும்."

"என்கிட்ட," என்றார் கான்டோர், கட்டிலில் இருந்து. கட்டுப் போட்ட கை தலையணை அளவு இருந்தது. "என் பொண்ணு சாகறப்ப என்கிட்டதான் ஒப்படைச்சா. அதுதான் அவ கடைசி வார்த்தை. ஊரே கேட்டிருக்கு. இவனும் நின்னு கேட்டுட்டுதான் இருந்தான், ஒரு வார்த்தை மறுக்கல."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். ஐலிவும் பார்த்தான். அவன் தோளைச் சரியான இடத்தில் சேர்த்து மார்போடு கட்டியிருந்தார்கள்.

"மறுக்கல," என்றேன். "ஆனா அவர் கிளம்பின பிறகும் அவ உயிரோட இருந்தா. பேசினா."

"என்ன சொன்னாங்க?"

சொன்னேன். நான் ஐலிவோடு திரும்பி வந்தபோது கான்டோர் நடைவழியில் கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் உள்ளே போனோம். தோருன் விழித்திருந்தாள். பஞ்சை நனைத்து அவள் உதட்டில் வைத்தேன். அவள் எங்களைப் பார்க்கவில்லை, எங்களுக்குப் பின்னால் பார்த்தாள்.

"அப்பா போயிட்டாரா?" என்றாள்.

"போயிட்டார்."

"அப்ப கதவைச் சாத்து."